சீனத்தின் கணக்குப்பிள்ளை

சீன தேசத்தின் துறைமுகங்களில் ஏறி இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கம் விதிக்கும் பெரிய இலாகாவுக்கு 1863 முதல் 1911 வரை, நாற்பத்தெட்டு வருஷ காலம், ஒரே மனிதர் தலைவராக இருந்தார். அவர் சீனர் அல்லர்; அயர்லாந்தில் பிறந்த ஆங்கிலப் பிரஜை. சர் ராபர்ட் ஹார்ட் என்பது அவர் பெயர். அவர் காலத்தில் மூன்று சக்கரவர்த்திகள் பீக்கிங்கில் அரியணையில் இருந்தார்கள். மந்திரிகள் உயர்ந்தார்கள், வீழ்ந்தார்கள். ஹார்ட் மட்டும் தமது மேஜையை விட்டு அகலவில்லை. அவர் கை சுத்தமான கை. சீனத்துக்கு நன்மை செய்யவேண்டும் என்ற எண்ணமும் அவரிடம் மெய்யாகவே இருந்தது. ஆயினும் அவர் கண்மூடிய நாளில் அத்தேசத்தின் சுங்க வருமானம் அனைத்தும் அன்னியக் கடன்காரர்களிடம் அடகில் கிடந்தது.

யோக்கியனான அன்னியன் ஒருவன் நம் வீட்டுக் கணக்கை எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடுவோர் ஹார்ட் துரையின் வாழ்க்கையை ஊன்றிப் படிக்கவேண்டும். ஏனெனில், அயோக்கியன் ஒருவனை எடுத்துக்காட்டி இவ்வழக்கைத் தீர்ப்பது எளிது. ஹார்ட் அயோக்கியர் அல்லர்.

1835-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி ஆர்மா ஜில்லாவில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த, பக்தியிலும் சிக்கனத்திலும் ஊறிய குடும்பத்தார். பெல்பாஸ்ட் நகரத்து ராணி கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அயர்லாந்தை உருக்குலைத்த பெரும் பஞ்சம் அவருடைய சிறுவயதில் நேர்ந்தது. ஆனால் அல்ஸ்டர் புராடெஸ்டண்டு சமூகம் ஆங்கில ஆட்சியைத் தன் ஆட்சியாகவே பாவித்த சமூகம். ஆகவே ஆளப்பட்டவர்களின் மனக்கசப்பு எதையும் இளைஞர் ஹார்ட் சீனத்துக்குச் சுமந்து செல்லவில்லை. 1854-இல், பத்தொன்பதாம் வயதில், பிரிட்டிஷ் கான்சல் உத்தியோகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பயிற்சி பெறுவதற்காகக் கப்பலேறினார்.

அவர் போய்ச் சேர்ந்த சமயத்தில் சீனத்தின் நிலைமை என்ன? அபினி யுத்தத்தில் தோற்று 1842-இல் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தேசம் அது. ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட்டது, ஹாங்காங்கை இழந்தது. இறக்குமதிச் சரக்குக்குச் சுமார் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வரி விதிக்கும் உரிமையும் அதன் கையை விட்டுப் போயிற்று. உள்நாட்டில் தைப்பிங் கலகம் மூண்டிருந்தது. 1853-இல் ஷாங்காய் நகரத்தைக் குறுவாள் சங்கத்தார் என்னும் கலகக்காரர் பிடித்துக்கொண்டபோது அவ்வூர்ச் சுங்கச்சாவடி சூறையாடப்பட்டது. வரி வாங்க ஆளில்லை என்ற நிலையில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய மூன்று தேசத்துக் கான்சல்களும் உள்ளூர்ச் சீன அதிகாரியோடு பேசி, 1854 ஜூலையில் அன்னியர் மூவரைச் சுங்கப் பரிசோதகர்களாக நியமித்தார்கள். அவசரத்துக்குச் செய்த தற்காலிக ஏற்பாடு அது. கலகக்காரர்கள் 1855-லேயே ஒழிந்தார்கள், ஏற்பாடு ஒழியவில்லை. 1858-ஆம் வருஷத்து உடன்படிக்கைக்குப் பின் அது மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது.

ஹார்ட் முதலில் நிங்போவில் இருந்தார். சீன மொழியைப் பேச்சிலும் எழுத்திலும் கசடறக் கற்றார். அக்காலத்து வெள்ளையர் பலரைப்போல் ஒரு சீனப் பெண்ணோடு குடித்தனமும் நடத்தினார். ஆயாவ் என்பது அவள் பெயர். மூன்று குழந்தைகள் பிறந்தன. பிற்பாடு அக்குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி, தம் செலவில் வளர்த்துப் படிக்கவைத்தார். ஆனால் தம் வீட்டு வாசற்படியை மிதிக்கவிடவில்லை. 1866-இல் தமது ஊர்ப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டார். சீனத்தின்மீது அவர் வைத்திருந்த அன்பு எந்த எல்லைக்கோட்டில் நின்றது என்பதை அறிய விரும்புவோர் இந்த அத்தியாயத்தை மறந்துவிடலாகாது.

1858-இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் காண்டன் நகரத்தைப் பிடித்து வைத்திருந்தபோது ஹார்ட் அந்த ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில் காரியதரிசியாக வேலை பார்த்தார். மறு வருஷம் பிரிட்டிஷ் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்துவிட்டுச் சீனச் சுங்கத்தில் சேர்ந்தார். அப்போது அந்த இலாகாவின் தலைவர் லே என்ற ஆங்கிலேயர். அவர் 1861-இல் ரஜாவில் செல்ல, ஹார்ட் அவருக்குப் பதிலாகப் பீக்கிங் சென்றார். அதற்கு முந்தின வருஷந்தான் ஆங்கிலப் படை சக்கரவர்த்தியின் கோடை மாளிகையைக் கொளுத்திச் சாம்பலாக்கியிருந்தது. அந்தப் புண் ஆறுமுன்னே, ராஜ்யத்தின் வெளிநாட்டு விவகாரங்களைக் கவனித்து வந்த குங் இளவரசர் முன் இருபத்தாறு வயது ஹார்ட் போய் நின்றார். உரக்கப் பேசவில்லை, மேஜையைத் தட்டவில்லை. துறைமுகம் துறைமுகமாக வரவு செலவுக் கணக்கை எடுத்து வைத்தார். தமக்கு வரவேண்டிய பணம் எவ்வளவு என்று அத்தனை தெளிவாக ஒரு வெளிநாட்டான் சொல்லி அந்த மந்திரிகள் அதற்குமுன் கேட்டதில்லை. அன்று முதல் அவரை நம் ஹார்ட் என்றே அழைத்தார்கள்.

லே துரையோ வேறு ரகம். சீனத்துக்காக இங்கிலாந்தில் ஒரு சிறு போர்க்கப்பல் வரிசையை வாங்கிவர அவரை ஏவியிருந்தார்கள். வாங்கினார், பணம் சீனத்தின் பணம். ஆனால் அக்கப்பல்களின் தளபதியான ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர் சக்கரவர்த்தியின் உத்தரவுக்கு மட்டுமே கட்டுப்படுவார், அவ்வுத்தரவும் லே மூலமாகத்தான் வரவேண்டும், லே தமக்குச் சரியென்று பட்டதை மட்டுமே தெரிவிப்பார் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்து நின்றார். பீக்கிங் மந்திரிகள் அக்கப்பல்களைத் திருப்பியனுப்பிவிட்டு, லேயையும் 1863 நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்விடத்தில் ஹார்ட் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

தமக்கு முன்னிருந்தவர் வீழ்ந்த காரணத்தை அவர் மறக்கவில்லை. 1864 ஜூனில் தம் கீழுள்ள அன்னிய உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தாங்கள் சீன அரசாங்கத்தின் சம்பளம் வாங்கும் ஊழியர்கள், சீன அதிகாரிகள் தங்கள் சகாக்கள், சீன ஜனங்களிடம் மரியாதையாக நடக்கவேண்டும் என்பது அதன் சாரம். துறைமுகங்களில் வெள்ளையர் கூலிக்காரரைப் பிரம்பால் அடிப்பது சர்வ சாதாரணமாயிருந்த காலத்தில் இவ்வாறு எழுதியது பெரிய காரியந்தான், அதை மறுப்பதற்கில்லை.

இலாகா வளர்ந்தது. வரி விதிப்பதோடு நிற்காமல் கடற்கரை நெடுகக் கலங்கரை விளக்கங்கள் கட்டியது, துறைமுகங்களை ஆழப்படுத்தியது, வர்த்தகப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் அச்சிட்டது. அன்னிய பாஷைகள் கற்பிக்கும் அரசாங்கக் கல்லூரிக்குப் பணம் தந்தது. 1896-இல் சக்கரவர்த்தி தபால் இலாகாவை ஏற்படுத்தியபோது அதுவும் ஹார்ட்டிடமே ஒப்படைக்கப்பட்டது. லண்டனில் காம்பெல் என்ற நண்பரை ஏஜெண்டாக வைத்து, இளைஞர்களுக்குப் பரீட்சை நடத்தி ஆள் சேர்த்தார். சீன மொழி கற்காதவனுக்கு உயர்வு இல்லை என்று விதித்தார். வருஷத்துக்கு எண்பது லட்சம் டேல் வெள்ளி அளவில் இருந்த சுங்க வருமானம் 1887-இல் இரண்டு கோடியைத் தாண்டிற்று. அதில் ஒரு காசும் வழியில் தொலையவில்லை.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்லவேண்டும். ஹார்ட்டின் ஆட்கள் வரியைக் கணக்கிட்டார்கள், பணத்தைத் தொடவில்லை. வர்த்தகர்கள் பணத்தைச் சீன அரசாங்கத்தின் பாங்கிகளிலேயே கட்டினார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் இருந்த சீன மேலதிகாரியே அதற்குப் பொறுப்பாளி. இந்த வரம்பை ஹார்ட் கடைசிவரை மீறவில்லை.

ஆனால் 1895 வாக்கில் அந்த இலாகாவில் மேலைநாட்டார் சுமார் 700 பேரும் சீனர் 3,000-க்கு மேற்பட்டவரும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த மூவாயிரத்தில் ஒருவரேனும் ஹார்ட் காலத்தில் ஒரு துறைமுகத்தின் கமிஷனர் ஆகவில்லை. எழுத்தர், பரிசோதகர், படகோட்டி, காவலாள்: இவை சீனருக்கு. கமிஷனர் பதவி ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், அமெரிக்கர் இவர்களுக்குள் பங்கு. தமது ஸ்தாபனம் என்றேனும் ஒருநாள் சீனர் கைக்கே போகவேண்டியது என்று ஹார்ட் எண்ணியதுண்டு. அந்த நாளை அவர் நிர்ணயிக்கவில்லை. சீனரைக் கமிஷனர் வேலைக்குத் தயார் செய்யவும் இல்லை. நாற்பத்தெட்டு வருஷம் என்பது, ஒரு பையன் எழுத்தனாகச் சேர்ந்து கிழவனாகி ஓய்வு பெறப் போதுமான காலம் அல்லவா?

1865-இல் அவர் பீக்கிங் மந்திரிகளுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். வெளியே நின்று பார்ப்பவனின் அபிப்பிராயம் என்பது அதன் தலைப்பின் பொருள். ரயில், தந்தி, சுரங்கம், புதிய படைப் பயிற்சி, அன்னிய நாடுகளுக்குச் சொந்த ஸ்தானிகர்கள், அதிகாரிகளுக்குப் போதிய சம்பளம் ஆகியவற்றைச் சீனம் தானே மேற்கொள்ளவேண்டும். இல்லையேல் பிறர் வந்து பலவந்தமாகச் செய்வார்கள் என்று எச்சரித்தார். அரசாங்கம் அதை மாகாண அதிபதிகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. பலர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கொதித்ததை வெறும் பழமைப் பித்து என்று சரித்திரக்காரர் பலர் தள்ளிவிடுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. யோசனை நல்லதே. ஆனால் அதைச் சொன்னவருக்குப் பின்னால் ஆங்கிலப் பீரங்கிக் கப்பல் நின்றது. புத்திமதிக்கும் மிரட்டலுக்கும் உள்ள வேற்றுமையை அந்தப் பீரங்கி அழித்துவிட்டது. ஹார்ட் அதை உணர்ந்திருந்தால் வெளியே நின்று பார்ப்பவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார்.

இனி, நம் நாட்டுச் சம்பந்தமான ஒரு விஷயம். ஹார்ட்டின் கணக்குப் புத்தகத்தில் மிகப் பெரிய வரவுகளில் ஒன்று அபினி. அந்த அபினி இந்தியாவில் விளைந்தது. பீகாரிலும் கங்கைச் சமவெளியிலும் குடியானவர்கள் சர்க்கார் அச்சாரம் வாங்கிக்கொண்டு கசகசாச் செடி பயிரிட்டார்கள். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் சர்க்கார் ஆலைகளில் அது உருட்டிக் காயவைத்துப் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டது. மாளவத்து அபினி பம்பாய் வழியாகச் சென்றது. இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசுக்கு நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானங்களில் அது ஒன்றாக இருந்தது. 1858-இல், பெட்டிக்கு 30 டேல் வரி என்று விதித்து, அவ்விஷத்தைச் சட்டப்படியான சரக்காகச் சீனத்தின் தலையில் ஏற்றினார்கள். 1885-ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி அதனோடு உள்நாட்டு வரிக்குப் பதிலாக 80 டேலும் சேர்த்து, பெட்டிக்கு 110 டேல் சுங்க இலாகாவே வசூலிப்பது 1887-இல் ஆரம்பமாயிற்று. வருமானம் இரண்டு கோடியைத் தாண்டிய ரகசியம் இதுவே.

ஹார்ட் அபினியை விரும்பியவர் அல்லர். ஆயினும் 1881-இல் தமது இலாகா வெளியிட்ட அறிக்கையில், அன்னிய அபினி புகைப்போர் சீன ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, மூன்றில் ஒரு பங்குதான் என்று கணக்கிட்டுக் காட்டினார். அபினி ஒழிப்புக்காகப் பாடுபட்டவர்கள் அந்த அறிக்கையைக் கண்டு துடித்தார்கள். வியாபாரத்தை ஆதரித்தவர்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூத்தாடினார்கள். பெட்டி எண்ணுபவன் பெட்டிகளை எண்ணுகிறான்; அதனால் பாழான வீடுகளை எண்ணும்படி அவனுக்கு யாரும் உத்தரவிடவில்லை. பீகார்க் குடியானவன் பட்டினியும் சீனக் கூலியின் நாசமும் ஒரே சரக்குக்குள் அடங்கியிருந்தன. இரண்டையும் அளந்து சீட்டு எழுதிய கை ஹார்ட் துரையின் கை.

அவருடைய செல்வாக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குச் சீனர் ஒருமுறை எல்லை கட்டினார்கள். 1879-இல் கடற்கரைப் பாதுகாப்புப் படையையும் ஹார்ட்டிடமே ஒப்படைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. லி ஹுங் சாங் என்ற பெரிய மந்திரியின் கீழிருந்த ஸ்வே பூ செங் என்னும் அறிஞர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். நேரே எதிர்த்தால் பயனில்லை என்று கண்டு ஓர் உபாயம் சொன்னார்: ஹார்ட் படையை நடத்தட்டும், ஆனால் சுங்கத்தை விட்டுவிட்டுக் கடற்கரையில் போய் வசிக்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள் என்றார். ஹார்ட் சுங்கத்தை விடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அப்படியே நடந்தது, பேச்சு அடங்கியது. நம் மனத்துக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் ஸ்வே பூ செங்.

1884 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பற்படை பூச்சௌ துறைமுகத்தில் புகுந்து, சுங்கப் பணத்தால் கட்டப்பட்ட கப்பல் தளத்தையும் அங்கிருந்த கப்பல்களையும் நாசமாக்கிற்று. மறு வருஷம் சமாதானம் பேசியவர் ஹார்ட். அவருடைய லண்டன் ஏஜெண்டு காம்பெல், பிரெஞ்சுக்காரர் பிடித்துவைத்த ஒரு சுங்கக் கப்பலை மீட்கும் சாக்கில் பாரிஸ் சென்று, 1885 ஏப்ரல் 4-ஆம் தேதி முன்னோட்ட ஒப்பந்தத்தில் சீனத்தின் சார்பில் கையெழுத்திட்டார். ஒரு சாம்ராஜ்யத்தின் யுத்தத்தை அதன் சுங்க குமாஸ்தா தந்தி மூலம் முடித்துவைத்தார்! அதே வருஷம் பிரிட்டிஷ் ஸ்தானிகர் பதவியே ஹார்ட்டைத் தேடி வந்தது. முதலில் ஒப்பினார், சுங்கத் தலைமை வேறு தேசத்தான் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிப் பிறகு மறுத்துவிட்டார். சீனத்துக்கு உழைப்பதும் ஆங்கிலச் செல்வாக்கைக் காப்பதும் அவருக்கு ஒரே காரியமாகவே பட்டன. அவை முரண்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அவர் தம்மைக் கேட்டுக்கொண்டாரோ இல்லையோ, சரித்திரம் கேட்டது.

பீக்கிங்கில் அவர் வாழ்ந்த வாழ்க்கை விசித்திரமானது. 1882-இல் மனைவி இங்கிலாந்து சென்றவர் பல்லாண்டுகள் திரும்பவில்லை. பெரிய தோட்ட வீட்டில் தனியே இருந்தார், பிடில் வாசித்தார், நாட்குறிப்பு எழுதினார், சீன இளைஞர்களுக்கு மேனாட்டு வாத்தியம் பயிற்றுவித்து ஒரு பாண்டு வைத்திருந்தார். சீன அரசு அவருடைய முன்னோர் மூன்று தலைமுறைக்கு 1889-இல் பட்டம் வழங்கியது. ஐரிஷ் வெஸ்லியன் கிழவர்கள் கல்லறையில் கிடந்தபடியே சீனப் பிரபுக்கள் ஆனார்கள். 1893-இல் விக்டோரியா ராணி அவருக்குப் பரம்பரை பாரனெட் பட்டம் அளித்தார். இரண்டு எஜமானர்களும் ஒருவனையே கொண்டாடினால், யாராவது ஒருவர் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கணக்கு 1895-இல் வெளியாயிற்று. ஜப்பானிடம் தோற்ற சீனம் 20 கோடி டேல் தண்டம் கட்டவேண்டும் என்று ஏற்பட்டது. லியாவோதுங் பிரதேசத்தை மீட்க மேலும் 3 கோடி. கையில் பணம் ஏது? 1895-இல் ருஷ்ய-பிரெஞ்சுப் பாங்கிகளிடமும், 1896-லும் 1898-லும் ஆங்கில-ஜெர்மன் பாங்கிகளிடமும் கடன் வாங்கியது. எதை நம்பிப் பாங்கிக்காரன் கொடுத்தான்? சுங்கத்தை நம்பி. அரண்மனையை நம்பவில்லை, சைனியத்தை நம்பவில்லை. ஹார்ட்டின் கணக்கை நம்பினான். கடன் தீரும்வரை சுங்க நிர்வாகம் அப்போதிருந்தபடியே இருக்கவேண்டும் என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டான். 1896-ஆம் வருஷக் கடனுக்குத் தவணை 36 வருஷம். 1898-ஆம் வருஷக் கடனுக்கு 45 வருஷம். பிரிட்டிஷ் வர்த்தகம் மேலோங்கி நிற்கும்வரை சுங்கத் தலைவர் ஆங்கிலேயராகவே இருப்பார் என்றும் 1898-இல் சீனம் வாக்களிக்கவேண்டியதாயிற்று. ஒழுங்கீனமான இலாகாவாக இருந்திருந்தால் அதன்மேல் ஒருவனும் இவ்வளவு கடன் கொடுத்திருக்கமாட்டான். ஹார்ட்டின் நேர்மை முப்பது வருஷம் உழைத்து ஒரு நல்ல அடமானச் சொத்தை உண்டாக்கியிருந்தது.

1900-இல் பாக்ஸர்கள் எழுந்தார்கள். ஜூன் 20 முதல் ஆகஸ்டு 14 வரை, 55 நாள், பீக்கிங்கில் அன்னிய ஸ்தானிகர் பேட்டை முற்றுகையிடப்பட்டது. அறுபத்தைந்து வயது ஹார்ட்டும் அதற்குள் அகப்பட்டார். அவருடைய வீடும் அலுவலகமும் எரிந்தன. நாட்குறிப்புகள் மட்டும் தப்பின. அவர் இறந்துவிட்டதாக எண்ணி லண்டன் டைம்ஸ் பத்திரிகை இரங்கலுரையே வெளியிட்டுவிட்டது. அவரோ முற்றுகைக்குள்ளிருந்து, உடுக்கத் துணியில்லை, சட்டை தைத்து அனுப்புக என்று லண்டனுக்குத் தந்தி அடித்தார்.

முற்றுகை நீங்கியபின் ஐரோப்பியப் பத்திரிகைகள் சீனத்தைப் பழிவாங்கு, பங்குபோடு என்று கூக்குரலிட்டபோது, வீடிழந்த இக்கிழவர் எழுதிய கட்டுரைகள் எல்லோரையும் திகைக்கவைத்தன. பாக்ஸர் இயக்கம் தேசபக்தியிலிருந்து பிறந்தது; சீனம் சீனருக்கே என்பது அதன் உட்கருத்து; இன்னும் ஐம்பது வருஷத்தில் கோடிக்கணக்கான பாக்ஸர்கள் ஆயுதம் தாங்கி நிற்பார்கள்; தேசத்தைத் துண்டுபோட முயல்வது மடமை என்று எழுதினார். 1901-இல் அவை புத்தகமாக வெளிவந்தன. ஆங்கிலேயர் பலர் அவரைச் சீனராகவே மாறிவிட்டார் என்று ஏசினார்கள். அந்தக் கட்டுரைகளுக்காக நாம் அவருக்குத் தலைவணங்குகிறோம். தம்மைச் சுட்டவர்களைத் தேசபக்தர் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஆனால் 1901 செப்டம்பரில் வல்லரசுகள் விதித்த தண்டம் 45 கோடி டேல். 39 வருஷத் தவணை. வட்டியோடு சேர்த்து 98 கோடிக்கு மேல். அதற்கு ஈடாக மிஞ்சியிருந்த கடற்சுங்கமும் உப்பு வரியும் எழுதி வாங்கப்பட்டன. துறைமுகங்களை அடுத்த உள்நாட்டுச் சுங்கச் சாவடிகளும் ஹார்ட்டின் இலாகாவில் சேர்க்கப்பட்டன. தேசபக்தர்களைப் புகழ்ந்த கட்டுரைக்காரரே அவர்களுக்கு விதித்த அபராதத்தையும் வசூலித்தார். வேறு யார் வசூலிப்பது? அந்த வேலைக்குத்தானே அந்த இலாகா!

1906 மே மாதம் சீன அரசு அவரை ஒரு வார்த்தையும் கேட்காமல் சுங்க இலாகாவை மேற்பார்வையிட டியே லியாங், டாங் ஷாவோ யி என்ற இருவரை நியமித்தது. பிரிட்டிஷ் ஸ்தானிகர் ஆட்சேபித்தார். ஹார்ட் மனம் நொந்தார். நம் ஹார்ட் என்று அழைத்தவர்கள் எல்லோரும் இறந்துபோயிருந்தார்கள். புதிய தலைமுறையினர் அவருடைய கணக்கைக் குறை சொல்லவில்லை, நாற்காலியைத்தான் கேட்டார்கள். 1908-இல் ரஜா பெற்றுப் பீக்கிங்கை விட்டுப் புறப்பட்டார். 1911 செப்டம்பர் 20-ஆம் தேதி இங்கிலாந்தில் உயிர் நீத்தார். மூன்று வாரத்துக்குள், அக்டோபர் 10-ஆம் தேதி, வூச்சாங் நகரத்தில் புரட்சி வெடித்தது. சக்கரவர்த்தி ஆட்சி கவிழ்ந்தது.

அவருக்குப் பின் வந்த ஆக்லன் என்ற ஆங்கிலேயர், நாடு குழப்பத்தில் இருக்கிறது, கடன்காரருக்குப் பணம் போய்ச் சேரவேண்டும் என்று காரணம் காட்டி, ஹார்ட் தொடாமல் வைத்திருந்த பணத்தையும் தொட்டார். அன்று முதல் சுங்கப் பணம் அன்னியப் பாங்கிகளில் நேராகச் செலுத்தப்பட்டது; கடன் போக மிஞ்சியதுதான் சீனக் குடியரசுக்கு. தன் சொந்த வரிவிகிதத்தைத் தானே விதிக்கும் உரிமையைச் சீனம் 1929-இல்தான் மீட்டது. ஷாங்காய் கடற்கரைச் சாலையில் 1914-இல் வைத்த ஹார்ட்டின் சிலையை இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜப்பானியர் பெயர்த்தெடுத்தார்கள். அவர் அமர்ந்த பதவியில் கடைசியாக அமர்ந்த அன்னியர் லிட்டில் என்ற அமெரிக்கர். அவர் ராஜிநாமாச் செய்தது 1950 ஜனவரியில்.